ஊராட்சித் தேர்தலில் நிற்க விரும்பும் நெல்லைச் சீமைப் பெண்ணுக்கு: வாக்காளர் பட்டியல் முதல் தீர்மானப் புத்தகம் வரை

2021ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், பாளையங்கோட்டை ஒன்றியத்துச் சிவந்திபட்டி ஊராட்சிக்கு 90 வயதுப் பெருமாத்தாள் தலைவரானார். அதே தேர்தலில், பக்கத்துத் தென்காசி மாவட்டத்து வெங்கடாம்பட்டியில் பொறியியல் படித்த ஓர் இளம்பெண் தலைவரானார். போட்டியிடுவதற்கான குறைந்தபட்ச வயதான 21ஐ அவர் தாண்டி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. இரண்டு செய்திகளும் நாளிதழ்களில் படத்துடன் வந்தன. மாலை போட்ட படம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த மாலைக்கு முன்னால் ஒரு பெண் என்னென்ன செய்ய வேண்டும், மாலை வாடிய மறுநாள் காலை அலுவலகத்தில் எந்தப் புத்தகத்தை முதலில் திறக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை. ஒன்றிய அலுவலக வாசலில், மனுவை நிரப்பத் தெரியாமல் நின்ற பெண்களுக்கு எழுதிக் கொடுத்த பழக்கத்தில் எனக்குத் தெரிந்தவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

சட்டம் செய்ய வேண்டியதில் பெரும்பகுதியைச் செய்துவிட்டது. 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கியது. அதையொட்டி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996இல் அதன்படி முதல் தேர்தல் நடந்தது. 2016இல் தமிழக அரசு அந்த ஒதுக்கீட்டை 50 சதவீதமாக உயர்த்தியது. ஆகவே நாற்காலி கிடைப்பது இன்று அரிய செயலன்று. அதில் அமர்ந்தவரின் கையெழுத்து அவருடைய சொந்தக் கையெழுத்தாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியை நோக்கியே எழுதப்பட்டவை.

நெல்லை மாவட்டத்தில் ஒன்பது ஊராட்சி ஒன்றியங்களும் 204 கிராம ஊராட்சிகளும் உள்ளன. பிற மாவட்டங்கள் பலவற்றுக்கு 2019 டிசம்பரிலேயே தேர்தல் முடிந்துவிட, நெல்லைக்கும் தென்காசிக்கும் 2021 அக்டோபரில்தான் நடந்தது. பொறுப்பேற்ற நாளிலிருந்து ஐந்தாண்டு என்பதால், அந்தக் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. அடுத்த தேர்தல் எந்த மாதத்தில் அறிவிக்கப்பட்டாலும், ஆயத்தம் செய்ய வேண்டியவர் அறிவிப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. அறிவிப்பு வந்த பிறகு கிடைப்பவை சில வாரங்கள்தான். அவை மனு எழுதவும் வீடு வீடாகப் போகவுமே சரியாக இருக்கும்.

முதல் படி: பெயர் எந்த ஊரில் இருக்கிறது?

இது மிகச் சாதாரணமான விஷயம். ஆனால் நான் கண்டவரை, நல்ல வேட்பாளர்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான். நாங்குநேரிப் பக்கம் பிறந்து ராதாபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு, திருமணமாகிப் பத்தாண்டு கடந்த பிறகும் பிறந்த ஊரிலேயே வாக்கு இருக்கும். ஆண்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வருவதில்லை, அவர்கள் வீடு மாறுவதில்லை அல்லவா. எந்த ஊராட்சியில் நிற்கிறீர்களோ அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தாக வேண்டும். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் அதன் பட்டியல் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. எனவே திருத்தத்தைச் சட்டமன்றப் பட்டியலிலேயே செய்ய வேண்டும். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8. 2025 இறுதியில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி நடந்திருப்பதால், பழைய பட்டியலில் பெயர் இருந்தது என்ற நம்பிக்கையில் இருந்துவிடாமல், புதிய பட்டியலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அதே நாளில் இன்னும் இரண்டைச் சரிபார்த்துக் கொள்ளலாம். ஆதார், வாக்காளர் அட்டை, சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் தந்தையின் எழுத்தும் மற்றொன்றில் கணவரின் எழுத்தும் இருப்பது நம் பெண்களுக்கு வழக்கம். அடுத்து, வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் நிலுவையின்றிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஊராட்சிக்குத் தர வேண்டிய பாக்கி, மனுப் பரிசீலனையின்போது எதிரணிக்குக் கிடைக்கும் எளிய கல். ரசீதுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

இரண்டாம் படி: கிராம சபையில் ஓராண்டு

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள எவரும் அதன் உறுப்பினர்தான். வார்டு உறுப்பினராவதற்கு வாக்கு கேட்க வேண்டும்; கிராம சபையில் பேசுவதற்கு யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் நடப்பது என்ன? நாற்காலிகளில் ஆண்கள் அமர்ந்திருப்பார்கள். பெண்கள் வேப்பமரத்தடியில் அல்லது பள்ளிக்கூடச் சுவரோரம் தரையில் இருப்பார்கள். கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகையை, அதாவது குறைவெண்ணை, நிறைவு செய்ய, 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 பேர் வரை 100, 10,000 பேர் வரை 200, அதற்கு மேல் 300 என்ற கணக்கைக் காட்ட, பெண்களின் கையெழுத்து தேவைப்படுகிறது. அந்தக் கையெழுத்தை நூறு நாள் வேலைத் தளத்திலேயே வாங்கிக் கொண்டு போகும் ஊர்களும் உண்டு. தீர்மானம் எழுதப்படாத வெற்றுப் பக்கத்தில் கையெழுத்திடாமல் இருப்பதே ஒரு பெண் செய்யக்கூடிய முதல் அரசியல் செயல். அதைக் கோபமாகச் சொல்ல வேண்டியதில்லை. "வாசிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி, கேட்டுட்டுப் போடுதேன்" என்றால் போதும்.

பேசத் தொடங்கும்போது ஊரின் எல்லாக் குறைகளையும் ஒரே மூச்சில் கொட்டக் கூடாது. ஒரு கூட்டத்துக்கு ஒரு பொருள். அதையும் இடம், நாள், எண்ணிக்கை ஆகியவற்றுடன் சொல்ல வேண்டும். "எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை" என்பது முறையீடு. அதற்குப் பதிலாக ஒரு தலையசைப்பு கிடைக்கும். "வடக்குத் தெரு மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் இந்த ஆண்டு எத்தனை முறை பழுது பார்க்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் செலவு எவ்வளவு, அந்தச் செலவுச் சீட்டைப் பார்க்கலாமா?" என்பது கேள்வி. வரவு செலவு அறிக்கையைக் கிராம சபையில் வைக்க வேண்டியது ஊராட்சியின் கடமை என்பதால், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கேள்வியை முன்கூட்டியே தாளில் எழுதி, இரண்டு படி எடுத்து, ஒன்றைத் தலைவரிடமோ ஊராட்சிச் செயலரிடமோ கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக் கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். உங்கள் கோரிக்கை தீர்மானமாக எழுதப்பட்டதா என்று கூட்டம் கலைவதற்கு முன் பாருங்கள். பதில் வராவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

ஓராண்டில் ஆறு கூட்டம், ஆறு கேள்வி. அதில் இரண்டு நிறைவேறினாலும், தேர்தலின்போது உங்களை அறிமுகப்படுத்த யாரும் தேவைப்பட மாட்டார்கள்.

மூன்றாம் படி: எந்தப் பதவி?

ஊரகத் தேர்தலில் ஒரு வாக்காளர் நான்கு பதவிகளுக்கு வாக்களிக்கிறார்: கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஊராட்சி ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் எனச் சீட்டின் நிறம் மாறும். முதல் இரண்டும் கட்சிச் சின்னம் இல்லாதவை. பின்னிரண்டும் கட்சி அடிப்படையில் நடப்பவை. கட்சியில் இடம் இல்லாத, ஆனால் ஊரில் பெயர் உள்ள பெண்ணுக்கு முதல் இரண்டே வாசல். கட்சியில் பல ஆண்டு உழைத்தவர் ஒன்றியத்துக்கு இடம் கேட்டுப் பெற வேண்டும். தானாக யாரும் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

வார்டு உறுப்பினர் பதவியைச் சிறியது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சில நூறு வாக்காளர்கள், நடந்தே போய்ப் பார்க்கக் கூடிய தெருக்கள், குறைந்த செலவு, ஐந்தாண்டு கூட்ட அனுபவம். மேலும், ஊராட்சித் துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவருடன் துணைத் தலைவரின் கையொப்பமும் வேண்டும். இந்த ஒரு வரி பின்னால் மிகவும் முக்கியமாகும்.

இடஒதுக்கீடு பற்றி ஒரு தவறான எண்ணம் ஊர்தோறும் இருக்கிறது. பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான் பெண் நிற்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பொது இடத்திலும் பெண் நிற்கலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை. ஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறுவதால், இந்த முறை பெண்களுக்கான ஊராட்சி அடுத்த முறை பொதுவாகலாம். அப்போது, "ஒங்க டேர்ம் முடிஞ்சிட்டு மதினி, இனி வீட்டப் பாருங்க" என்று சிரித்துக் கொண்டே சொல்பவரிடம் நீங்களும் சிரித்துக் கொண்டே மனுத் தாக்கல் செய்யலாம்.

நான்காம் படி: வீட்டுக் கணக்கு

முக்கூடல், ஆலங்குளம், பாப்பாக்குடிப் பக்கங்களில் பெண்களின் நாள் பீடிச் சுளகைச் சுற்றியே நகர்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாள் மனுப் பரிசீலனைக்குப் போனால் அந்த ஆயிரத்தில் பாதி போகும். கரையோரத்தில், உவரி, இடிந்தகரை போன்ற ஊர்களில் மீன் விற்கும் பெண்ணுக்குக் காலைப்பொழுது போனால் நாளே போயிற்று. பொதுவாழ்வுக்கு வரும் ஆணின் வேலையை வீட்டிலுள்ள பெண் இட்டு நிரப்புகிறாள்; பெண் வெளியே வரும்போது அவள் இடத்தை யார் நிரப்புவது என்பதை முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால், இரண்டாம் வாரத்தில் வீட்டில் முணுமுணுப்பு தொடங்கிவிடும்.

ஆகவே மாமியார், கணவர், வளர்ந்த பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்துத் தெளிவாகப் பேசுங்கள். தேர்தல் மாதத்தில் எத்தனை நாள் கூலி போகும், சமையல் யார், இரவு எட்டு மணிக்கு மேல் வாக்கு கேட்கப் போனால் கூட வருவது யார், ஜெயித்த பிறகு மாதத்தில் எத்தனை நாள் ஒன்றிய அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்பவற்றைச் சொல்லிவிடுங்கள். ஊராட்சித் தலைவருக்கு மதிப்பூதியம் மாதம் 2,000 ரூபாய்தான் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. பதவி வந்தால் பணம் வரும் என்ற கனவில் சம்மதிக்கும் குடும்பம்தான் பின்னால் பெண்ணைக் கையெழுத்து இயந்திரமாக மாற்றுகிறது. இந்தப் பேச்சில் ஒன்றை மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள்: கூட்டத்தில் உட்காருவதும் கையெழுத்திடுவதும் என் வேலை, மற்ற எல்லாவற்றுக்கும் துணை வேண்டும். இந்த வாக்கியத்தைத் தேர்தலுக்கு முன்பே சொன்னவருக்கும் ஜெயித்த பின் சொல்லத் தொடங்கியவருக்கும் இடையிலான வேறுபாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பின்னவர்கள் பாடு கடினம்.

ஐந்தாம் படி: பத்துப் பெண்கள்

மகளிர் சுய உதவிக் குழுவும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பும் பேச்சுப் பயிற்சிக்கும் கணக்குப் பயிற்சிக்கும் நம்மிடம் ஏற்கெனவே உள்ள பள்ளிக்கூடங்கள். தீர்மானம் எழுதுதல், வங்கிக்குச் செல்லுதல், கடன் தவணை கேட்டு வாங்குதல் ஆகியவற்றைச் செய்த பெண்ணுக்கு ஊராட்சி நிர்வாகம் அந்நியமாக இராது. ஆனால் குழுவின் பணத்தையோ குழுவின் பெயரையோ தேர்தலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அது குழுவை உடைக்கும். எதிரணியில் நிற்பவரும் அதே குழுவின் உறுப்பினராக இருக்கலாம். தேவைப்படுவது, தனிப்பட்ட நட்பில் உங்களுக்காக நடக்கத் தயாராக உள்ள பத்துப் பேர், தெருவுக்கு ஒருவர் என்ற கணக்கில். அவர்களில் இருவராவது உங்கள் சாதியைச் சாராதவர்களாக இருக்கட்டும்.

ஆறாம் படி: ஊர்க் கூட்டம்

நெல்லைச் சீமையில் தேர்தலைப் பற்றி எழுதிவிட்டுச் சாதியைப் பற்றி எழுதாமல் போவது நேர்மையாகாது. பல ஊர்களில் வேட்பாளரை முடிவு செய்வது வாக்காளர் அல்ல. கோயில் வாசலில் கூடும் ஆண்களின் கூட்டம். அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு இடம் இல்லை, பெண்களுக்கு ஒதுக்கிய பதவியைப் பற்றிப் பேசும்போதுகூட இல்லை. சில இடங்களில் பதவியையே ஏலம் விடுகிறார்கள். கோயில் கொடைக்கு இவ்வளவு தருகிறேன் என்பவர் வீட்டுப் பெண்ணின் பெயர் மட்டும் மனுவில் இருக்கும். இது சட்டத்துக்குப் புறம்பானது. ஏலம் நடந்தது தெரிந்தால், மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

எதிர்த்து நிற்பது எல்லோராலும் முடியாது என்பதை அறிந்தே சொல்கிறேன். முடிகிறவர், கூட்டத்துக்கு முன்பே ஊர்ப் பெரியவர்களை ஒவ்வொருவராக வீட்டில் போய்ப் பார்த்து, "நான் நிற்கப் போகிறேன், உங்கள் ஆசி வேண்டும்" என்று மரியாதையுடன் தெரிவித்துவிட வேண்டும். அனுமதி கேட்டுப் போனால் மறுப்பார்கள். செய்தியாகத் தெரிவித்தால் யோசிப்பார்கள். பெரியவர்களின் மனைவிகளிடமும் அன்றே பேசிவிட்டு வாருங்கள். கோயில் வாசலில் அவர்களுக்கு இடமில்லை. வாக்குச் சாவடியில் இருக்கிறது.

ஏழாம் படி: வேட்புமனு

உங்களுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். முன்மொழிபவர் அந்தப் பதவிக்குரிய பகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். 2019 முதல் நடந்த தேர்தல்களில் வைப்புத்தொகை வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கும் ஒன்றிய உறுப்பினருக்கும் 600, மாவட்ட உறுப்பினருக்கு 1,000. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு இவற்றில் பாதி. சொத்து, கடன், கல்வி, வழக்குகள் பற்றிய உறுதிமொழியில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது. இல்லை என்றால் "இல்லை" என்றே எழுத வேண்டும். அரசுப் பணியிலோ ஊராட்சியின் ஒப்பந்தத்திலோ இருப்பவர், தகுதியிழப்பு வருமா என்று உதவித் தேர்தல் அலுவலரிடம் முன்பே கேட்டுத் தெளிய வேண்டும். கடைசி நாள் கூட்டத்தில் போய் நிற்காமல் இரண்டு நாள் முன்னதாகக் கொடுங்கள். பிழை இருந்தால் திருத்தி இன்னொரு மனு கொடுக்க நேரம் இருக்கும். பரிசீலனைக்கும் நீங்களே போங்கள்.

மனுத் தாக்கலுக்கும் திரும்பப் பெறும் நாளுக்கும் இடைப்பட்ட நாட்கள்தான் உண்மையில் கடினமானவை. வாபஸ் வாங்கச் சொல்லி உறவினர் வருவார்கள். அழுபவரும் வருவார்கள், மிரட்டுபவரும் வருவார்கள். அந்த நாட்களில் தனியாக இருக்க வேண்டாம். அந்தப் பத்துப் பெண்களில் யாராவது ஒருவர் எப்போதும் உடனிருக்கட்டும்.

எட்டாம் படி: வாக்கு கேட்டல்

வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000, ஒன்றிய உறுப்பினருக்கு 85,000, மாவட்ட உறுப்பினருக்கு 1,70,000 என்பவை 2019இல் வகுக்கப்பட்ட செலவு வரம்புகள். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேநீர்ச் செலவு வரை எழுதுங்கள். பணம் கொடுத்து வாக்கு வாங்கும் போட்டியில் இறங்கிய பெண், அந்தப் பணத்தைக் கொடுத்தவருக்கு ஐந்தாண்டு கடன்பட்டவராகிறார். அவருடைய கையெழுத்து அன்றே விலைபோய்விடுகிறது.

ஒலிபெருக்கியை விட வாசற்படி பயன் தரும். மாலையில் சென்றால் பீடி சுற்றும் பெண்கள் திண்ணையில் இருப்பார்கள். அவர்களுடன் அமர்ந்து கால் மணி நேரம் பேசலாம். கிராம சபையில் கேட்ட கேள்வியையும் அதனால் நடந்த வேலையையும் சொல்லுங்கள். வாக்குறுதி மூன்றுக்கு மேல் வேண்டாம். சின்னம் கிடைத்தவுடன், பூட்டு சாவியோ கத்தரிக்கோலோ எதுவானாலும், அதை அட்டையில் பெரிதாக வரைந்து முதியவர்களுக்குக் காட்டுங்கள். நான்கு சீட்டுகளை ஒரே நேரத்தில் வாங்கி முத்திரை குத்தி மடிப்பது ஆச்சிமார்களுக்கு எளிதன்று. இரண்டு சின்னத்துக்கு நடுவே குத்தியதால் செல்லாதவையாகிவிடும் வாக்குகள், குறைந்த வாக்கில் முடிவாகும் வார்டுகளில் முடிவையே மாற்றும். பழைய தாளில் நான்கு நிறச் சீட்டு வெட்டிப் பழக்கிக் காட்டுவது வீண் வேலை அல்ல. வாக்குப்பதிவு அன்றும் எண்ணிக்கை அன்றும் பெண் முகவர்களை நியமியுங்கள். அடுத்த தேர்தலுக்கான வேட்பாளர் அந்த மேசையில்தான் உருவாகிறார்.

ஒன்பதாம் படி: பதவியேற்ற முதல் மாதம்

வெற்றிக்குப் பின் ஊராட்சிச் செயலர் ஒரு கட்டுப் புத்தகங்களைக் கொண்டு வந்து வைப்பார். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், வங்கிக் கணக்குப் புத்தகங்கள், வரி வசூல் பதிவேடு, சொத்துப் பதிவேடு ஆகியவற்றைப் பட்டியலிட்டு, எந்தத் தேதியில் எவ்வளவு இருப்புடன் பெற்றுக் கொண்டேன் என்று எழுதி வாங்குங்கள். பழைய நிர்வாகத்தின் குறைகளுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய நிலையை இது தடுக்கும்.

முதலில் திறக்க வேண்டியது தீர்மானப் புத்தகம். சென்ற ஓராண்டுத் தீர்மானங்களை ஒரு வாரம் உட்கார்ந்து வாசித்தால், ஊராட்சியின் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது எந்தப் பயிற்சி வகுப்பையும் விடத் தெளிவாகப் புரியும். படிக்கச் சிரமப்படுபவர், தாம் நம்பும் பெண்ணொருத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். எழுத்தறிவு குறைவு என்பது வெட்கப்பட வேண்டியதன்று. வாசித்துக் கேட்காமல் கையெழுத்திடுவதுதான் ஆபத்து.

பணப் பட்டுவாடா இப்போது பெரும்பாலும் மின் கையொப்பத்தின் மூலம் நடக்கிறது. தலைவரின் மின் கையொப்பக் கருவியும் கடவுச்சொல்லும் தலைவரிடமே இருக்க வேண்டும். அலுவலக மேசை அறையில், செயலரின் பையில், கணவரின் சட்டைப் பையில் என்று அது சுற்றத் தொடங்கினால், யாரோ செலவு செய்வார்கள், தணிக்கைக்கு நீங்கள் நிற்பீர்கள். ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் மூன்றைப் பாருங்கள்: தீர்மானம் உண்டா, முடிந்த வேலையின் அளவைப் பொறியாளர் பதிந்த அளவுப் புத்தகம் உண்டா, பொருள் அல்லது வேலை கண்ணுக்குத் தெரிகிறதா. மூன்றும் இருந்தால் கையெழுத்து. ஒன்று குறைந்தாலும், "நாளைக்கு நேரில் பார்த்துவிட்டுப் போடுகிறேன்."

துணைத் தலைவரின் கையொப்பமும் வேண்டும் என்று முன்பு சொன்னேன். பட்டியல் சாதிப் பெண் தலைவராகும் ஊராட்சிகளில், துணைத் தலைவர் பதவியைக் கைப்பற்றிக் கொண்டு, கையொப்பத்தை மறுத்தே நிர்வாகத்தை முடக்குவது பல ஊர்களில் பழகிப்போன உத்தி. தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைக் காவலருக்கும் சம்பளம் நிற்கும்; பழி தலைவர் மேல் விழும். எனவே வெற்றி பெற்ற அன்றே வார்டு உறுப்பினர்களை, குறிப்பாகப் பெண் உறுப்பினர்களை, ஒவ்வொருவராகச் சந்தித்துத் துணைத் தலைவர் தேர்வுக்கு முன் உடன்பாடு செய்து கொள்ள வேண்டும். அதற்குப் பின்னும் கையொப்பம் மறுக்கப்பட்டால், வாய்ச் சண்டை வேண்டாம். எந்தச் செலவுக்கு, எந்தத் தேதியில் மறுக்கப்பட்டது என்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதி, படியை ஆட்சியருக்கு அனுப்புங்கள்.

ஒன்றிய அலுவலகக் கூட்டங்களுக்கு நீங்களே செல்லுங்கள். முதல் மூன்று கூட்டங்களில் ஒன்றும் புரியாமல் போகலாம். நான்காவதில் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி என்ற சொற்கள் பழகிவிடும். கணவர் வண்டியில் கொண்டு வந்து விடட்டும், அதில் குறையில்லை. வாசலோடு நிற்கட்டும்.

பத்தாம் படி: பாதுகாப்பு

2011ஆம் ஆண்டு ஜூனில், தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த பட்டியல் சாதிப் பெண்ணான பி. கிருஷ்ணவேணி, இரவில் வீடு திரும்பும்போது வெட்டப்பட்டுப் படுகாயங்களுடன் உயிர் தப்பினார். பெண்களுக்குக் கழிப்பறை கட்டும் இடம் பற்றிய தகராறும் அதற்குப் பின்னணியாகச் சொல்லப்பட்டது. அச்சுறுத்துவதற்காக இதை நினைவூட்டவில்லை. மிரட்டல் வந்த முதல் நாளே அதை எழுத்தில் பதிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கு மனு ரசீது வாங்குங்கள். படியை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணை நிற்கிறது. நாற்காலி மறுப்பது, கொடியேற்ற விடாமல் தடுப்பது போன்றவற்றையும் சிறிய விஷயம் என்று விழுங்க வேண்டாம். பட்டியல் சாதித் தலைவர்கள் தேசியக் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்கு எழுத நேர்ந்தது.

ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு, தலைவரை நீக்கும் அதிகாரத்தை ஆட்சியருக்கு அளிக்கிறது. விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தால், குறித்த கெடுவுக்குள், ஆவணங்களுடன், எழுத்தில் பதில் தர வேண்டும். பின்பு வட்டாட்சியர் உறுப்பினர் கூட்டத்தைக் கூட்டிக் கருத்தறிவார். முதல் மாதத்திலிருந்தே தீர்மானத்தையும் செலவுச் சீட்டையும் ஒழுங்காக வைத்தவருக்குப் பதில் எழுதுவது ஒரு மாலை வேலை.

மேலே செல்ல

2021இல் தேர்வான சட்டமன்றத்தின் 234 உறுப்பினர்களில் பெண்கள் 12 பேர்தான். ஊராட்சியில் பாதி, சட்டமன்றத்தில் இருபதில் ஒன்று என்ற இந்த இடைவெளியை, 2023இல் நிறைவேறிய 106ஆவது திருத்தம் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டால் நிரப்ப முனைகிறது. அந்தச் சட்டம் நிறைவேறியபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் என்று எழுதப்பட்டது. அன்றைக்குக் கட்சிகள் வேட்பாளர்களைத் தேடும்போது தயாராக இருக்க வேண்டியவர்கள் உள்ளாட்சியில் பழகிய பெண்களே. நம் பக்கத்தில் அந்த வழி ஏற்கெனவே போடப்பட்டதுதான். திருநெல்வேலி மாநகராட்சியின் முதல் மேயராக 1996இல் வந்தவர் உமா மகேஸ்வரி என்ற பெண். பின்னாளில் அதே மாநகராட்சியின் மேயராக இருந்த விஜிலா சத்யானந்த் 2014இல் மாநிலங்களவைக்குச் சென்றார். சங்கரன்கோவில் நகராட்சித் தலைவராக இருந்த முத்துச்செல்வி 2012 இடைத்தேர்தலில் சட்டமன்ற உறுப்பினரானார். கட்சியில் இருப்பவர், மகளிர் அணிப் பொறுப்போடு நின்றுவிடாமல், ஒன்றியச் செயலாளர், மாவட்டப் பொறுப்பு போன்ற, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் இடங்களைக் கேட்க வேண்டும்.

தோற்றவர் செய்ய வேண்டியவை

தோற்றாலும் வென்றாலும், முடிவு வந்த 30 நாட்களுக்குள் தேர்தல் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோல்விச் சோர்வில் இதை விட்டுவிடுபவர்கள், மூன்றாண்டு வரை போட்டியிடும் தகுதியை இழக்க நேரிடலாம். ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதவரும் அப்படியே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்கி, அந்தப் பழைய கோப்பிலேயே, வீட்டு வரி ரசீதுக்குப் பக்கத்தில் வையுங்கள். வார்டு வாரியாக எத்தனை வாக்கு விழுந்தது என்று ஒரு தாளில் எழுதி, எந்தத் தெருவில் வாசல் வரை போகாமல் விட்டோம் என்று அந்தப் பத்துப் பெண்களுடன் உட்கார்ந்து பாருங்கள். பிறகு, அடுத்து வரும் கிராம சபை எந்தத் தேதி என்று பார்த்து, விடுபட்ட அந்தத் தெருவிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து, இரண்டு படி எழுதிக் கொண்டு போங்கள்.